நிலைப்படிக்கு அடியில் இருந்த தகடு

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் லூர்து, அடுப்பிலிருந்து இறக்கிய இரும்பு வாணலியை எங்கே வைப்பது என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சன்னலோரம் இருந்த கறுப்புத் தகட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டு, அதன்மேல் வாணலியை வைத்தாள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வாயில் தமிழ்தான் வந்தது.

"ஏம்புள்ள, சாமிக்கு வெச்சதுமேல கொண்டுபோயி சட்டிய வெக்கற!"

அவளுக்குத் தெரிந்த தமிழ், வா, சோறு, போதும் என்ற மூன்று சொற்கள்தான். ஆனால் சத்தம் எல்லா மொழியிலும் புரியும். முகம் சிவந்து வாணலியைத் தூக்கினாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "இது உங்கள் உலையில் வெந்த கல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? உங்கள் உலையைவிட நம் அடுப்பு சூடா?"

பன்னிரண்டு வயதுப் பெண் கேட்கிற நியாயமான கேள்வி. நான் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினேன். என் மனைவி ரோசா மெக்சிகோக்காரி. அவள் உள்ளிருந்து வந்து, மகளிடம் தன் மொழியில் ஏதோ சொல்லி, தகட்டை ஈரத்துணியால் துடைத்துப் பழைய இடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு அந்தத் தகட்டின் கதை தெரியும். மகளுக்குச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் ஆங்கிலம் கடையில் சாமான் வாங்கவும், மேலதிகாரியிடம் தலையாட்டவும் போதும். இதற்குப் போதாது.

அதனால் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் யாராவது கோயமுத்தூர் கணபதிப் பக்கம் இருந்தால், நான் சொல்கிற வீட்டை ஒருவேளை பார்த்திருக்கலாம்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் தேவராஜ். ஆனைமலைக்குப் பக்கத்தில் பிறந்தேன். அப்பா அம்மா இருவரும் பண்ணையத்து ஆட்கள், அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானேதான் நின்றேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கோயமுத்தூரில் ஒரு பவுண்டரியில் மண் சலித்தேன், அச்சு கட்டினேன், இரும்பு ஊற்றினேன். அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து குவைத்து, அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறை. கப்பல் அமெரிக்காவின் தென்கரையில் நின்றபோது இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தேன், ஒரு சர்ச்சின் பின்கட்டில் படுத்தேன். அந்தச் சர்ச்சில்தான் ரோசாவைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, பல வருடம் அலைந்து, இங்கேயே நிரந்தரமாகத் தங்க விடுகிற பச்சை அட்டை கிடைத்தது. உலை வேலை தெரியும் என்று சொன்னதால் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்த்தார்கள்.

அங்கே செய்வது போரான் கார்பைடு என்ற பொருள். கறுப்பான பொடியைக் கிராஃபைட் அச்சில் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஆர்கான் வாயுவை விட்டு, பெரும் சூட்டில் அழுத்துவார்கள். பொடி கல்லாகும். வைரத்துக்கு அடுத்தபடி கெட்டியான பொருள்களில் ஒன்று. ஆனால் தூக்கினால் கனமே இருக்காது. துப்பாக்கிக் குண்டு துளைக்காமலிருக்க இதைப் பட்டாளத்தார் நெஞ்சுக் கவசத்துக்குள் வைப்பார்கள். இதே பொருளை அணு உலைக்குள் கம்பியாக இறக்கினால் அந்த உலையின் வேகம் அடங்கும். ஒரே கல் சண்டைக்கும் ஆகும், மின்சாரத்துக்கும் ஆகும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் வேலை அச்சைத் துடைப்பது, வாயு உருளைகளை மாற்றுவது, தரையைக் கூட்டுவது.

சிவா அங்கே ஆராய்ச்சி மாணவனாக வந்தான். முதல் நாள் நான் உருளையை உருட்டிக்கொண்டு போகையில் காலில் இடித்து, "அய்யோ சாமி" என்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்ணா, நம்மூருங்களா?"

உருளையை விட்டுவிட்டுத் திரும்பினேன். ஒல்லியான பையன், அளவுக்குப் பெரிய கோட்டு.

"எந்தூருப்பா நீ?"

"கணபதிங்ணா. அப்பாரு லேத்துப் பட்டறை வெச்சிருக்காருங்க. பூர்வீகம் சென்னிமலை."

"கணபதில எங்க? நான் அங்க சுத்தாத தெருவே கெடையாது."

அன்றைக்கு அவன் அறைக்குப் போய் ரசமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். ரசம் கேவலமாக இருந்தது. அழுகை வருமளவுக்குச் சாப்பிட்டேன். அவன் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டான். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

அவன் செய்த தகடுகள் முதலில் எல்லாம் வெடித்தன. உலையைத் திறந்தால் இரண்டாகவோ நான்காகவோ கிடக்கும். பேராசிரியர் உதட்டைப் பிதுக்குவார். சிவா மறுபடி பொடியை அரைப்பான். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே போனது. ஒருநாள் உலையைத் திறந்தபோது ஒரு தகடு முழுசாக இருந்தது. உள்ளங்கை அகலம், விரல் கனம். தட்டிப் பார்த்தான். வெண்கலம் மாதிரி சத்தம் கேட்டது.

"அண்ணா!" என்று கத்தினான். "முதல் உருப்படிங்ணா!"

அந்தச் சொல்லைக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டறைகளில், புது மெஷினோ புது வேலையோ, முதன்முதலில் பழுதில்லாமல் வந்த உருப்படியை விற்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். இந்துவோ, முஸ்லிமோ, எங்களைப் போன்ற வேதக்காரரோ, பட்டறையில் எல்லாருக்கும் அது பொது. நான் முதலில் ஊற்றிய கப்பி என் அம்மாவின் மாதா படத்துக்குக் கீழே வெகுநாள் இருந்தது. முதலாளி தடுக்க மாட்டார். தடுத்தால் அவர் முதலாளியே இல்லை.

அந்தத் தகட்டைச் சோதனைகளுக்கெல்லாம் உட்படுத்தி, மூலையில் வைர முனையால் எண்ணைக் கீறி, அலமாரியில் வைத்தார்கள். அதற்குப் பிறகு வரிசையாக நல்ல தகடுகள் வந்தன. முதல் தகட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்ணூற்றெட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சிவா அதை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். என் முன்னால்தான் வைத்தான். மறைத்து வைக்கவில்லை. எனக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை.

3

அந்த வருடம் மே மாதம் இந்தியா பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. இங்கே தொலைக்காட்சியில் பார்த்தேன். ரோசா, "இது உங்கள் ஊருக்குப் பக்கமா?" என்று கேட்டாள். இல்லை, ரொம்ப தூரம் என்றேன். அவ்வளவு தூரமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் எல்லாருடைய கதவு அட்டைகளையும் மாற்றினார்கள். சிவாவின் புது அட்டையைக் காட்டினால் உலை அறைக் கதவு திறக்கவில்லை. கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. அவன் வெளியே நின்று அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். நான் உள்ளே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கதவு திறந்தது. என்னிடம் பச்சை அட்டை இருந்தது.

நான் வெளியே வந்ததும், "சிரிக்காதீங்ணா," என்றான். நான் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். "அஞ்சு வருசம் இஞ்சினீரிங் படிச்சவன் வெளிய. எட்டாவது படிச்ச நீங்க உள்ள. இந்தியா குண்டு போட்டாலும் போட்டுது, உங்களுக்குப் பிரமோசன்."

"உள்ள போயி என்னடா பண்ணப் போறேன்? குப்பைய அள்ளப் போறேன்."

"அந்தக் குப்பையாச்சும் நம்ம கைல இருக்குதுல்லீங்ணா."

அந்த வேடிக்கையும் நிலைக்கவில்லை. மேலிடத்திலிருந்து தகடுகளை எல்லாம் எண்ணச் சொல்லி ஒரு அம்மாள் வந்தாள். சண்டைக்காரி அல்ல. மெல்லிய குரல், கழுத்தில் சின்னச் சிலுவை. எண்களைச் சரிபார்த்தபோது முதல் தகடு இல்லை. எங்கே என்று கேட்டதும் சிவா உடனே சொல்லிவிட்டான்: அப்பா வீட்டில், சாமி முன்னால் இருக்கிறது.

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உடைந்தது, குப்பையில் போட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் திருடியதாகவே அவன் நினைக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு தரம் கேட்டாளாம்: "உங்கள் தந்தை அரசாங்க வேலையில் இருக்கிறாரா?" இவன், இல்லை, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறார் என்றானாம். பம்பு எதற்கு என்று கேட்டாளாம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச என்றானாம்.

கடைசியில் அவள் சொன்னது: தகடு முழுசாகத் திரும்பி வந்தால், எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். கோடை முடிவதற்குள், இங்கே அது ஆகஸ்டு கடைசி, வர வேண்டும். வராவிட்டால், தடை செய்யப்பட்ட பொருளைத் தடை செய்யப்பட்ட நாட்டுக்குக் கடத்தியதாகும். அப்புறம் படிப்பு இல்லை.

நான் அப்போது என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்ப இருந்தேன். சிவா போக முடியாது. போனால் திரும்ப விட மாட்டார்கள்.

"அண்ணா, நீங்கதான் வாங்கியாரோணும்."

"உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. எடுத்து வெச்சிருக்கட்டும்."

"போன்ல எப்படீங்ணா சொல்றது? திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்கன்னு நெனச்சுப்போடுவாரு. பட்டறைய இழுத்துச் சாத்திட்டுப் படுத்துக்குவாரு. நேர்ல நீங்க சொல்லுங்க. பக்குவமா."

எனக்கு எதையும் பக்குவமாகச் சொல்லத் தெரியாது. ஆனாலும் சரி என்றேன்.

4

ஜூலையில் கோயமுத்தூர் போனேன். பிப்ரவரியில் நகரத்தில் நடந்த குண்டுவெடிப்புகளின் பயம் அப்போதும் போகவில்லை. உக்கடத்தில் பேருந்து நிலைய வாசலில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அங்கே டீக்கடையில் சில்லறை வாங்கும்போது என்னையறியாமல் "கிராசியாஸ்" என்று ரோசாவின் மொழியில் நன்றி சொல்லிவிட்டேன். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். "எந்த நாட்டு பாசைங்க அது?" என்றார். "சம்சாரத்து ஊரு பாசைங்க." "அப்ப நல்லா பேசிப் பழகிக்குங்க, அதாங்க பொழப்பு," என்று இன்னொரு டீ கொடுத்தார்.

சிவாவின் அப்பா சென்னியப்பன் பட்டறை வாசலிலேயே எதிர்கொண்டார். கையில் எண்ணெய், நெற்றியில் விபூதி.

"வாங்க, வாங்க. பையன் போன்ல சொன்னானுங்க. உங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. பட்டறை கெடக்கட்டும், மொதல்ல ஊட்டப் பாருங்க."

பட்டறைக்குப் பின்னால் புது வீடு எழுந்திருந்தது. பூச்சு வேலை முடியும் நிலை. ஆவணியில் புதுமனை புகுவிழா. கொத்தனார் ஒருவர் சன்னல் ஓரம் பூசிக்கொண்டிருந்தார். வாசலில் தேக்கு நிலை, அதற்குக் கீழே நீளக் கருங்கல் படி.

சிவாவின் அம்மா பாப்பாத்தி காப்பியோடு வந்தார்.

"உங்களுக்கு எந்தூருங்க?"

"ஆனைமலைப் பக்கமுங்க."

"அங்க யாரூட்டு ஆளுங்க? எங்களுக்கும் அந்தப் பக்கம் ஒறம்பரை, சொந்தமெல்லாம் இருக்குது."

"பண்ணையத்துக்குப் போனவங்க வீடுங்க."

ஒரு கணம் பேச்சு நின்றது. அந்தக் கணம் எனக்குப் பழக்கம். பிறகு அந்த அம்மா, "காப்பி ஆறிப்போகுது, உள்ள வந்து உக்காந்து குடிங்க," என்றார். என் அப்பா ஆயுசில் பண்ணையக்காரர் வீட்டின் நிலைப்படியைத் தாண்டியதில்லை. கூலியை வெளியே நின்று வாங்குவார். நான் படியைத் தாண்டி உள்ளே போனேன். பூசாத தரையில் நாற்காலி போட்டார்கள்.

சாமி படம் எங்கே என்று தேடினேன். புது வீட்டில் இன்னும் படம் மாட்டவில்லை.

"பையன் கொண்டாந்த தகடு எங்கீங்க இருக்குது?"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "அதக் கேளுங்க! கொண்டாந்த அன்னிக்கே லேத்துல மாட்டிப் பாத்தனுங்க. என் டூல் மொக்கையாகிப் போச்சு. அரம் போட்டேன். அரம் வழுக்கீட்டுப் போவுது. முப்பது வருசம் இரும்பக் கடைஞ்சவன், என் பையன் செஞ்ச கல்லுல ஒரு கோடு கிழிக்க முடியலீங்க."

"இப்ப எங்க இருக்குது?"

"நீங்க இப்பத் தாண்டி வந்தீங்களே, அதுக்குக் கீழதான்." படியைக் காட்டினார். "மாசில நெலை வெச்சமுங்க. எல்லாரும் பஞ்சலோகம், நவதானியம் போடுவாங்க. நான் அதோட இதையும் வெச்சேன். பட்டாளத்தான் நெஞ்சுல வெச்சுக்கறானாமா, குண்டு பட்டாத் தாங்குமாமா. ஊட்டத் தாங்கட்டும்னு வாசல்ல வெச்சுப்போட்டேன்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். பக்குவம் என்று சிவா சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் நேராகச் சொன்னேன்: அந்தத் தகடு வேண்டும், நான் திரும்பும்போது கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கல்லுக்குங்களா?"

"ஒரு கல்லுக்குத்தானுங்க."

"அத்தன பெரிய நாடு. கப்பல் வெச்சிருக்கான், ராக்கெட்டு வெச்சிருக்கான். என் வாசல்ல கெடக்கற கல்லு இல்லாட்டி அவனுக்குத் தூக்கம் வராதுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க."

"முதல் உருப்படிங்க அது. அவன் சொல்லலீங்களா அவங்ககிட்ட?"

"சொன்னானுங்க. அவங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க."

"பழக்கமில்லாட்டி என்னங்க? சொன்னாப் புரியாதுங்களா? நா வேணா எழுதித் தாரேன். வேணும்னா வெலை போட்டுச் சொல்லட்டும்."

"வெலை இல்லீங்க அதுக்கு. கல்லுதான் வேணுமாம்."

அவர் கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதெப்படிங்க? பூசை போட்டு நெலை வெச்ச படிய நான் தொட மாட்டனுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

"புள்ளகுட்டி இருக்கறதாலதான் நானும் யோசிக்கறனய்யா," என்றார் சென்னியப்பன். படியைப் பார்த்தபடியே நின்றார். "குடி போறதுக்கு முன்னாலயே வாசலப் பேத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

பாப்பாத்தியம்மாள் உள்ளிருந்து வந்தார். "படி போனா இந்தக் கொத்தனாரு இல்லீனா இன்னொருத்தர். அவன் படிப்புப் போனா எந்தக் கொத்தனாரக் கூப்புடுவீங்க?" மூலையில் கிடந்த கடப்பாரையைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். "சும்மா நிக்காதீங்க."

சென்னியப்பன் சட்டையைக் கழற்றிப்போட்டு ஒரு சூடத்தை ஏற்றினார். பிறகு கடப்பாரையை வைத்துப் படிக்கல்லின் ஓரத்தை நெம்பினார். நானும் ஒரு கம்பியைப் போட்டு நெம்பினேன். கல் கிளம்ப நேரம் பிடித்தது. பூச்சு பெயர்ந்து விழும்போதெல்லாம் அவர் "ம்" என்று முனகினார். அடிபட்டவர் முனகுவது மாதிரி இருந்தது. படி எழுந்ததும் குழிக்குள் ஈரமண், முளைத்துக் காய்ந்த தானியம், அதன் நடுவில் அந்தத் தகடு. மஞ்சள்கூட அப்படியே இருந்தது. கையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு கீறலில்லை பாத்தீங்களா? கடப்பாரை நுனி இதுமேலதான் பட்டுது. நல்லாச் செஞ்சிருக்கான்."

என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"வேலை முடிஞ்சா திருப்பிக் குடுப்பாங்களா?"

நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் குழியில் சிமெண்டு போட வேண்டாம் என்றார். மணலைக் கொட்டி அதன்மேல் படியை இறக்கினார். திரும்ப வந்தால் வைக்க லேசாக இருக்குமே என்றார்.

ஆனைமலை பஸ்ஸுக்கு உக்கடம் வந்தபோது போலீஸ்காரர் என் பையைத் திறந்தார். தகடு வெளியே வந்தது.

"என்னய்யா இது?"

"கல்லுங்க."

"எதுக்கு?"

"வாசப்படிக்குங்க."

அவர் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லு. எங்க வாங்குன?" பதிலுக்குக் காத்திராமல் பையில் போட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். அந்தத் தகட்டின் பயணத்தில் அதைத் தொட்ட அதிகாரிகளிலேயே நல்லவர் அவர்தான்.

5

கல்யாணம் முடிந்து ஆகஸ்டு தொடக்கத்தில் திரும்பினேன். கோடை முடிய இன்னும் நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சிவாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோசா சமையலறையிலிருந்து வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அந்தப் பையன் போய்விட்டான்," என்றாள்.

நான் கிளம்பிய சில நாளில் மேலிடத்து முடிவு வந்துவிட்டதாம். தகடு வருகிறதா இல்லையா என்பது யாருக்கும் பொருட்டில்லை. பேராசிரியருக்குப் பணம் கொடுப்பது பாதுகாப்புத் துறை. இந்தியப் பையனை வைத்துக்கொண்டால் பணம் நிற்கும் என்று தெரிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். விசா ரத்தானது. சிவா கடைசி நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ரோசா செய்த பீன்ஸைச் சாப்பிட்டு, தன் குக்கரை அவளிடம் கொடுத்து, "கிராசியாஸ் அண்ணி" என்று சொல்லிப் போனானாம். நான் வந்த விமானம் இந்தப் பக்கம் பறந்தபோது அவன் விமானம் அந்தப் பக்கம் பறந்திருக்கிறது. தகடு என் மடிமேல் இருந்த பையில் இருந்தது.

மறுநாள் தகட்டைத் துணியில் சுற்றி அந்த அம்மாளின் அலுவலகத்துக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். அவள் பார்த்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதை நான் வாங்க முடியாது என்றாள். விசாரணை முடிந்துவிட்டது. தகடு தொலைந்தது என்று எழுதி மூடிவிட்டார்கள். இப்போது வாங்கினால் எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் பையன் வீட்டுக்கே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

கூடாது, அது குற்றம் என்றாள். இந்தியாவுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. நீங்களும் சிறைக்குப் போவீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கேட்க வேண்டியது நினைவுக்கு வந்தது. தொலைந்துபோன தகட்டை அனுப்புவது எப்படிக் குற்றமாகும்? ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கினேன்.

இதைத் தங்கையிடம் போனில் சொன்னேன். அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அவள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் மாசாணியம்மன் கோயில். அநியாயம் பண்ணினவன் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசினால் அம்மன் கேட்பாள் என்பார்கள்.

"நான் போயி அரைச்சுப் பூசிப்போட்டு வாரண்ணா," என்றாள். "பேரு மட்டும் சொல்லு. பேரு சொல்லித்தான் பூசோணும்."

நான் யோசித்தேன். பேராசிரியர், தன் ஆய்வுக்கூடம் மூடிவிடக் கூடாது என்று பார்த்தார். அந்த அம்மாள், தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தாள். குண்டு வெடித்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள், தடை போட்டவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். அவர்களுக்குக் கணபதி எங்கே இருக்கிறதென்று தெரியாது.

"பேரு தெரியலம்மா," என்றேன்.

"அப்பறம் எப்படிண்ணா பூசறது?" என்றாள்.

6

வருடங்கள் போய்விட்டன, நான் இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். மகள் படிப்புக்கும் வீட்டு வாடகைக்கும் அதுதான் வழி. சிவா கண்டுபிடித்த சூட்டிலும் அழுத்தத்திலும்தான் இப்போதும் தகடு செய்கிறார்கள். வேறொரு பையன் செய்கிறான். நல்ல பையன், என்னைப் பார்த்தால் கையசைப்பான். ஒவ்வொரு தகட்டையும் எண் போட்டு, பூட்டிய பெட்டியில் வைக்கிறார்கள். நான் தரையைக் கூட்டுகிறேன். சிவாவின் பெயர் எங்கும் இல்லை.

சிவா தன் அப்பாவின் பட்டறையில் ஷாஃப்ட் கடைகிறான். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியாச்சா என்று கேட்டார்களாம். லீவுங்க என்று சொன்னானாம். இன்னும் லீவு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் திட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவன், சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"சொல்லுங்ணா. அண்ணி, லூர்து நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. லூர்து உன் கல்லுமேல சட்டிய வெச்சுட்டா. திட்டிப்போட்டேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "புள்ளயத் திட்டாதீங்ணா. சட்டியாச்சும் வெக்கட்டும். ஒரு உபயோகத்துக்கு ஆச்சுல்ல."

"டேய், சாமிக்கு வெச்சது."

"அதுவுந்தான்," என்றான். பிறகு கொஞ்சம் மெதுவாக, "ஒடையலீங்களே?"

"ஒடையல. எங்க ஒடையப் போவுது அது?"

அந்த நேரத்தில் போனில் ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் கல் மோதுகிற மாதிரி டொக் என்று.

"என்னப்பா அது?"

"அப்பாருங்ணா. பட்டறைக்குக் கெளம்பறாரு. மணலு எறங்கிப் படி ஆடுது. யாரு மிதிச்சாலும் டொக்குங்குது. சிமெண்டு போட்டுர்லாம்னா கேக்க மாட்டேங்கறாரு. கல்லு வரட்டும்னு வெச்சிருக்காரு."

"நீ சொல்லலியா அவருகிட்ட? வராதுன்னு?"

"நீங்க சொல்றீங்களாண்ணா?" என்றான். "இருங்க, கூப்புடறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் குரல் கொடுத்துவிட்டான். மறுபடி டொக் என்று சத்தம் கேட்டது. அவர் திரும்பி உள்ளே வருகிறார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சன்னலோரம் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தகடு இருந்தது. ரோசா துடைத்த ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் சென்னியப்பன். "கேட்டுப் பாக்கறேன்னீங்களே, கேட்டீங்களா?"

"கேட்டிருக்கனுங்க," என்றேன்.